ஆணிமுத்து வெளியே வர வழி

மாஸ்டர்,

இன்று காலை செல்வி எனக்குப் புதுக் கோப்பை ஒன்றில் பிளேன்டீ ஊற்றித் தந்தாள். வெளியில் முழுக்கக் கறுப்பு. ஒரு பூகூட இல்லை. இப்படி ஒரு துக்கக் கோப்பையை யார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கோப்பை வெளுக்கத் தொடங்கிவிட்டது. சூடு ஏற ஏற கறுப்புக்குள் இருந்து முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு இரண்டு பெரிய காது. பிறகு உதட்டில் கடித்துப் பிடித்த ஆணிகள். கடைசியாக எல்லாவற்றையும் சுற்றி ஒரு பிரேம். முப்பது, முப்பத்தைந்து வயதில் நான் எப்படி இருந்தேனோ அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயந்துட்டீங்களாப்பா? சூடு பட்டா படம் வர்ற கோப்பை. டவுன்ல எல்லாக் கடையிலயும் இப்ப அடிச்சுக் குடுக்கிறாங்க. ஆறுனா மறைஞ்சிரும்" என்றாள் செல்வி.

நான் குடிக்காமல் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஆறியது. காது போனது, மூக்கு போனது. ஆணிகள் மட்டும் கொஞ்ச நேரம் கறுப்பில் தொங்கிக்கொண்டிருந்தன. பிறகு அவையும் போயின.

உங்கள் மகள் சுகந்திதான் அதை அனுப்பியிருக்கிறார். கனடாவிலிருந்து வந்து கண்டியில் நிற்கிறாராம். நீங்கள் பத்திரிகையில் கீறிய ஆணிமுத்துப் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாகப் போட விருப்பமாம். முகம் என்னுடையது என்பதால் என்னைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லையாம். வெள்ளிக்கிழமை கெலிஓயாவுக்கு வருகிறார். நான் ஓம் என்றால் புத்தகம், இல்லை என்றால் இல்லை. போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அதுவரை எனக்கு யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது. செல்வியின் வீடு மேட்டில். முழங்கால் இரண்டும் போன பிறகு நான் கீழே ரோட்டுக்கு இறங்குவதில்லை. இறங்கினால் ஏற்றிக் கொண்டுவர ஆள் வேண்டும். யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து கம்பளைக்குப் போகிற பஸ்களைப் பார்க்கிறேன். யன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். அது குரங்குக்காக. எனக்காக இல்லை என்று செல்வி சொல்கிறாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் செல்விதான். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள், அதனால் வசனத்தை ஒழுங்காக்கிப் போடுவாள். ஒன்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஒழுங்காக்கு, ஆனால் மாற்றாதே. ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்கு விளங்கும்.

நீங்கள் நான் வேலை செய்த ஹாஜியாரின் பிரேம் கடைக்கு முதன்முதலாக வந்த நாள் எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் அந்தச் சின்னச் சந்து. கடையில் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் தொங்க வேண்டும் என்று ஒரு முறையும் கிடையாது. எங்கே ஆணி இருக்கிறதோ அங்கே படம். முருகனுக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட சினிமாக் கதாநாயகன், அவனுக்குக் கீழே மக்கா, அதற்குக் கீழே யாரோ கல்யாண மாப்பிள்ளை பொம்பிளை, ஒரு பெரஹர ஊர்வல யானை, கிரிக்கெட் கோஷ்டி, கையைக் கட்டிக்கொண்டு சிரித்தும் சிரிக்காமலும் இருக்கிற ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி. வாடிக்கையாளர் வந்து எடுத்துக்கொண்டு போகும்வரை எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்போல இருந்தார்கள்.

நீண்ட குடையும் சுருட்டிய தாளுமாக நீங்கள் படியேறினீர்கள். யாழ்ப்பாணத்து ஆள், டவுனில் பெரிய பள்ளிக்கூடத்தில் சித்திர மாஸ்டர் என்று ஹாஜியார் என் காதில் சொன்னார். தாளை விரித்தீர்கள். அச்சடித்த வெள்ளைக்கார ஓவியம், ஒரு பாலம். அதில் ஒரு ஆள் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து கத்துகிறான். வானம் முழுக்க ரத்தம் கலந்த கஞ்சிபோல ஓடுகிறது.

வாயில் ஆணி இருந்தபடியே நான் கேட்டேன். "இந்தாளு ஏன் மாஸ்டர் இப்படிக் கத்துறாரு? நாவலப்பிட்டி கடைசி பஸ் போயிருச்சா?"

நீங்கள் உடனே சிரிக்கவில்லை. வாங்கில் உட்கார்ந்தீர்கள். கண்ணாடியைக் கழற்றினீர்கள். பிறகு தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கியது. சத்தமே இல்லை. ஹாஜியார் பயந்துபோய், "என்ன மாஸ்டர், தண்ணி கொஞ்சம் தரட்டா?" என்று எழுந்துவிட்டார்.

"இன்னொருக்காச் சொல்லும் காணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். சொன்னேன். மறுபடி குலுங்கினீர்கள். அன்றைக்கு எனக்கு அது பெரிய பரிசுபோல இருந்தது. படித்த மனிசன் ஒருவரை என் வாய் வாங்கில் உட்கார வைத்துவிட்டது.

அடுத்த கிழமை ஹாஜியார் பத்திரிகையோடு வந்தார். கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டம். முதல் கட்டத்தில் பெரிய காதுள்ள ஒருவன் அந்தப் பாலத்துப் படத்துக்கு ஆணி அடிக்கிறான். இரண்டாவதில் எட்டிப் பார்த்துப் படத்துக்குள்ளேயே விழுகிறான். மூன்றாவதில் கத்துகிற ஆளுக்குப் பக்கத்தில் நின்று பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறான். நான்காவதில் வெளியே இரண்டு கை வந்து படத்தைத் தூக்கிச் சுவரில் மாட்டுகிறது. அவன் சுத்தியலோடு உள்ளேயே நிற்கிறான். அவனுக்குப் பெயர் ஆணிமுத்து என்று ஹாஜியார் வாசித்தார்.

எனக்குப் பெயர் வேலாயுதம். அது அந்த நான்கு கட்டத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் காது என்னுடையது. வாயில் ஆணி வைக்கிற பழக்கமும் என்னுடையது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அவன் வேறு வேறு படத்துக்குள் விழுந்தான். உங்கள் பெரிய பெரிய வெள்ளைக்கார ஓவியங்களுக்குள் நீங்கள் கண்டி டவுனையே கொண்டுபோய்க் கொட்டினீர்கள். உருகிப்போய்க் கொப்பில் தொங்குகிற மணிக்கூடுகள் உள்ள படத்தை நாவலப்பிட்டி ஸ்டேஷன் ஆக்கினீர்கள். அங்கே கதாநாயகனும் வில்லனும் சண்டை போட ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். ரயில் வரவில்லை. ஒருவர் சட்டைக் கொலரை ஒருவர் பிடித்தபடியே தூங்கிப் போகிறார்கள். இதற்குள் ஆணிமுத்து என்ன செய்கிறான் என்று கேட்க நான் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவேன்.

ஹாஜியார் இஞ்சித் தேத்தண்ணீர் குடித்து, மூக்குக் கண்ணாடியை ஊதித் துடைத்து, ஆறுதலாகத்தான் தொடங்குவார்.

"இண்டைக்கி நீ எங்க ஈக்கிறாய் தெரியுமா வேலு? ரயில் ஸ்டேஷன்ல. அந்த ஸ்டேஷன் பெரிய ஐயா செல்றார், மணிக்கூடெல்லாம் உருகிப் போச்சு, நேரம் தெரியாதாம். அதுக்கு ஆணிமுத்து என்ன செல்றான்? 'மணிக்கூடு உருகட்டும் ஐயா, ரயில் உருகாம வந்தாப் போதும்.' பாத்தியா அவன்ட வாய?"

நான் சிரித்தேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்திருக்கக்கூடியதுதான். உங்களுக்கு என்னைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று வியந்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சீமாட்டியின் படம். அதில் அவள் ஆணிமுத்துவின் கையில் ஒரு பத்திரிகையைக் கொடுக்கிறாள். அவன் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு பெரிய மனிசன்போல நிற்கிறான். பின்னால் கிரிக்கெட்காரன் ஒருவன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறான். ஹாஜியார் வாசித்தார்: "'என்ன நோனா, பல்லு வலியா? சிரிக்கிறதுண்டா இப்பவே சிரிச்சிடுங்க. கண்ணாடி போட்டாப் பொறகு ஏலாது.'" அந்தப் பக்கத்தை வெட்டி, நல்ல தேக்குப் பிரேம் போட்டு, நானே வீட்டுக்குக் கொண்டுபோய் வாசல் கதவுக்கு மேலே மாட்டினேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டினேன். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

டவுனில் என்னை வேலாயுதம் என்று கூப்பிடுகிறவர்கள் குறைந்து போனார்கள். பஸ் கொண்டக்டர், "ஆணிமுத்து அண்ணே, உள்ளுக்குப் போங்க, போய் அங்கயே இருங்க" என்பான். பஸ்ஸே சிரிக்கும். ஒரு ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

பிறகு செல்விக்கு எழுத்து வந்தது.

அவள் எதைக் கண்டாலும் வாசிக்கிற காலம். கடைப் பெயர், தீப்பெட்டி, மருந்துப் போத்தல். ஒரு நாள் கதிரையில் ஏறி நின்று வாசல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க பேப்பரத் தலகீழாப் பிடிச்சிருக்கீங்க."

"எந்தப் பேப்பர்?"

"படத்துல. எழுத்தெல்லாம் தலகீழா இருக்கு."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை, மாஸ்டர். எழுத்து எனக்கு நேராகவும் ஒன்றுதான், தலைகீழாகவும் ஒன்றுதான். அந்தப் படத்துக்கு நானே கண்ணாடி வெட்டினேன், நானே ஆணி அடித்தேன், தினமும் அதன் கீழால்தான் வேலைக்குப் போனேன்.

"அவன் என்ன சொல்றான்னு வாசி" என்றேன். பல்லு வலிக் கதை வரும் என்று காத்திருந்தேன்.

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "'எனக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான் அம்மா. நீங்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன்.'"

இந்த இடத்தில் செல்வி பேனையை வைத்துவிட்டாள். "இதயும் எழுதணுமாப்பா?" என்று கேட்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் பிரேமைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஹாஜியாருக்கு முன்னால் வைத்து, "ஒருக்கா வாசிங்க" என்றேன். பல்லு வலி என்றே வாசித்தார். "இப்ப எழுதியிருக்கிறத வாசிங்க ஹாஜியார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வெகு நேரம் துடைக்கவும் இல்லை, போடவும் இல்லை.

"நான் என்ன செய்யிற வேலு? ஒவ்வொரு கிழமையும் வாயப் பொளந்துகொண்டு வந்து நிண்டாய். மாஸ்டர் எழுதினத உன்ட மூஞ்சப் பாத்து வாசிக்க எனக்கு ஏலல்ல."

"அப்ப எல்லாமே உங்க வாயா?"

"எல்லாம் இல்ல. பஸ் கதை உன்டதான்."

ஸ்டேஷன் படத்தில் ஆணிமுத்து உண்மையாகச் சொன்னது, "எனக்கு மணி பார்க்கவே தெரியாது ஐயா, அதனால் ரயில் எனக்குப் பிந்துவதில்லை" என்பதாம். ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். ஹாஜியாரின் ஆணிமுத்து எல்லோருக்கும் பதில் சொல்கிறவன். உங்கள் ஆணிமுத்து ஒன்றும் தெரியாதவன், தெரியாது என்றும் தெரியாதவன். ஊர் முழுக்க உங்களுடையவனைத்தான் வாசித்திருக்கிறது. ஹாஜியாருடையவனைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அன்று பின்னேரமே அம்பிட்டிய ரோட்டில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அறை முழுக்க நீங்கள் வரைந்த பெரிய ஓவியங்கள், முகம் சுவரைப் பார்க்கச் சாத்தி வைத்திருந்தீர்கள். தண்டனை கொடுத்த பிள்ளைகள்போல. நடுவில் சின்ன மேசையில் அடுத்த கிழமைக்கான நான்கு கட்டம் பென்சிலில் கிடந்தது. உள்ளே என் காது.

"மாஸ்டர், என்னை இதுக்குள்ள இருந்து எடுத்துவிடுங்க."

"அது நீர் இல்லை காணும். அது சும்மா ஒரு ஆள்."

"சும்மா ஆளுக்கு என் காது எதுக்கு?"

நீங்கள் இடது கையால் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். நீங்கள் அதைக் கண்டீர்கள். நான் கண்டதையும் கண்டீர்கள்.

"சரி வேலு, எடுத்துவிடுறன். ஆனா சும்மா இல்லாமல் பண்ண ஏலாது. வெளியில வாற மாதிரிக் கீற வேணும்."

நீங்கள் முயன்றீர்கள். அதை நான் மறக்கவில்லை. முதல் தடவை ஆணிமுத்து உள்ளே இருந்து கண்ணாடியை உடைத்தான். வெளியே போனால் அடுத்த படத்துக்குள் இருந்தான். பெரஹர யானையின் பின்பக்கம் பிரேமில் இறுகிப்போய், அது ஆடவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றது. அதன் காலடியில் மிதிபட்டபடி இவன். இன்னொரு தடவை கதாநாயகன் பாட்டோடு காப்பாற்ற வந்தான். பார்த்தால் அவன் தியேட்டர் வாசலில் வைக்கிற அட்டை ஆள். காற்று அடித்ததும் இவன் மேலேயே விழுந்தான். பிறகு கிரிக்கெட்காரன் ஒரு அடி அடித்தான். பந்து பிரேமைத் துளைத்துக்கொண்டு போனது. அந்த ஓட்டையால் அம்பயர் உள்ளே வந்து விரலைத் தூக்கி, ஆணிமுத்துவின் நெஞ்சில் குத்திப் போகச் சொன்னார். எங்கே போவது என்று இவன் கேட்க, அம்பயருக்கும் தெரியவில்லை. கடைசிக் கட்டத்தில் இரண்டு பேரும் உள்ளே.

ஊர் முன்னைவிட அதிகம் சிரித்தது. பத்திரிகைக்காரர் உங்களுக்குப் போன் பண்ணி, இவன் வெளியே வராதவரைக்கும் நல்லது என்று சொன்னாராம்.

ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் சொன்னேன். "மாஸ்டர், பிரேமுக்குள்ள இருக்கிற படத்த முன்பக்கமா யாராவது எடுப்பாங்களா? திருப்பிப் போட்டுப் பின்னால ஆணியக் கழட்டுவோம். அவ்வளவுதான்."

நீங்கள் நெற்றியில் அடித்துக்கொண்டு, "உது எனக்கு ஏன் விளங்கேல்லை" என்றீர்கள். அந்தக் கிழமை முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. பத்திரிகை வந்தது. ஆணிமுத்து ஆணியைக் கழற்றிப் பின்பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறான். வந்தால், படத்துக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறான். அங்கே ஒரு பல்லி கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறது. "இங்கே இடமில்லை. அடுத்த படத்தில் கேட்டுப் பார்" என்கிறது பல்லி. ஹாஜியார் இந்தமுறை எழுதியிருந்ததையே வாசித்தார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஏன் மாஸ்டர் அங்க சுவரைக் கீறினீங்க?" என்று கேட்டேன்.

"பின்னுக்குச் சுவர்தானே காணும் இருக்கு. பொய் கீற ஏலுமே?"

உங்களையும் அதற்குள் வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது உங்கள் ஓவியக் கண்காட்சி அன்றைக்குத்தான். டவுனில் மண்டபம் எடுத்தீர்கள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் நான்தான் பிரேம் போட்டேன். மழையில் நனைந்த மலை, ஆற்றில் குளிக்கிற பெண்கள், ஒரு வெறும் கதிரை. நீங்கள் வேட்டி உடுத்து, திருநீறு பூசி வாசலில் நின்றீர்கள். சனம் வந்தது. பட்டிஸ் சாப்பிட்டது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மாஸ்டர், ஆணிமுத்து எங்க?" என்று கேட்டது. மூலையில் சுத்தியலோடு நின்ற என்னை யாரோ கண்டுவிட்டார்கள். பிறகு எல்லோரும் என்னைச் சுற்றித்தான். கூட்டத்துக்கு மேலால் உங்களைப் பார்த்தேன். அந்த வெறும் கதிரைப் படத்துக்கு முன்னால் தனியாக நின்றீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது சொன்னீர்கள். "எனக்கு அவனைக் கண்ணில காட்டக் கூடாது காணும்."

"எனக்குந்தான் மாஸ்டர்."

அன்றைக்கு என்னை எடுத்துவிடும்படி நான் கேட்கவில்லை.

பிறகு கேட்க வேண்டிய நாள் வந்தது, அப்போது கேட்கும் மனமும் போய்விட்டது. கோயில் கூட்டத்தில் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர்க் குழாய் பற்றிப் பேச எழுந்தேன். வாயைத் திறப்பதற்கு முன்னமே சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தேன். அது பரவாயில்லை. ஹாஜியார் மௌத்தான அன்று அக்குறணையில் அவர் வீட்டு முற்றத்தில் நின்றேன். அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கியபோது எனக்கு அடக்க முடியவில்லை. எங்கள் சந்துக் கடைக்காரன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனைத் தட்டி, "அங்க பாரு, ஆணிமுத்து அழுவுது" என்றான். கெட்டவன் இல்லை அவன். அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போனதை நான் பார்த்தேன். எனக்காகப் பொய் வாசித்த மனிசனுக்கு என்னால் ஒழுங்காக அழக்கூட முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் அம்பிட்டிய ரோட்டுக்கு வரவில்லை. உங்களுக்குக் கண் மங்கியது, பத்திரிகையும் நின்றது என்று கேள்விப்பட்டேன். ஆணிமுத்து எந்தப் படத்துக்குள் கடைசியாக நின்றான் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

சுகந்தி போன் பண்ணித்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அப்போது என் கால் இவ்வளவு மோசமில்லை. உங்களுக்கு மகளையே தெரியவில்லை என்று வாசலில் வைத்துச் சொல்லி அழுதார். கட்டிலின் இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்புப் போட்டிருந்தார்கள். நீங்கள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"மாஸ்டர்" என்றேன்.

நீங்கள் என் காதைத்தான் முதலில் பார்த்தீர்கள். ஆணிமுத்து என்று கூப்பிடப்போகிறீர்கள் என்று மனதைத் தயார்ப்படுத்தினேன்.

"வந்திட்டீரே. இவ்வளவு காலமும் எங்க போனீர்?" என்றீர்கள். பிறகு சுகந்தியின் பக்கம் திரும்பி, "இவர்தான் பிள்ளை என்னைக் கீறினவர்" என்றீர்கள்.

சுகந்தி என்னைப் பார்த்தார். நீங்கள் பகிடி விடுகிறீர்களா என்று நானும் உங்கள் தோளைப் பார்த்தேன். குலுங்கவில்லை.

"கீறிப்போட்டு அப்படியே விட்டிட்டுப் போயிட்டீர். என்னை வெளியில விடும். உம்மாலதானே ஏலும்."

நீங்கள் கெஞ்சினீர்கள், மாஸ்டர். என்னிடம். பின்னுக்குச் சுவர்தானே என்றோ, அது நீங்கள் இல்லை என்றோ நான் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் உங்கள் வாயால் நான் கேட்ட பதில்கள்தான். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பிரேம் கழற்றின கை சும்மா இருக்கவில்லை. தடுப்பின் கீழே தடவிப் பார்த்தேன். ஒரு கொண்டி இருந்தது. இழுத்தேன். தடுப்பு பெரிய சத்தத்தோடு கீழே விழுந்தது. வேண்டாம் தாத்தா, வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு நர்ஸ் ஓடிவந்தார். சுகந்தி அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அதற்குள் நீங்கள் காலைத் தரையில் வைத்துவிட்டீர்கள்.

வராந்தா முடியும்வரை நடந்தோம். அங்கே கம்பியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஹந்தானை மலை பாதி முகிலுக்குள் நின்றது. நீங்கள் வெகு நேரம் பார்த்தீர்கள்.

"உதுக்குப் பிரேம் போட்டிடாதேயும்" என்றீர்கள்.

"போடல்ல மாஸ்டர்."

திரும்பிக் கொண்டுபோய் விட்டேன். நர்ஸ் தடுப்பை ஏற்றிக் கொண்டியைப் போட்டார். அந்தக் கிழமையே நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

நேற்றுப் போனில் சுகந்தியிடம் உங்கள் ஓவியங்களைப் பற்றிக் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டு அறையில் கிடந்து பாதியைக் கறையான் தின்றுவிட்டதாம். வெறும் கதிரையும் போய்விட்டதாம். யாரும் கேட்டு வரவில்லையாம். ஆணிமுத்துவைத்தான் கேட்கிறார்களாம், எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள்கூட. பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "அங்கிள், உங்களுக்கு மனவருத்தம் எண்டா, இப்ப கொம்ப்யூட்டரில காதையும் முகத்தையும் மாத்தலாம். வேற ஆள் மாதிரி ஆக்கலாம்."

"அப்ப என் இடத்துல வேற ஒருத்தன வச்சு ஆணி அடிக்கச் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டேன்.

செல்விக்குக் கோபம். "வேணாம்னு சொல்லுங்கப்பா. கோயில்ல வாயத் தொறக்க விட்டாங்களா? அந்த ஹாஜியார் வீட்டுல நீங்க பட்டது மறந்து போச்சா?" என்கிறாள். மறக்கவில்லை. ஒரு கட்டமும் மறக்கவில்லை. புத்தகம் வந்தால் நான் போன பிறகும் எவனாவது அதை விரித்து என் காதைப் பார்த்துச் சிரிப்பான். நான் உள்ளே நின்று, தலைகீழாகப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, அவன் சிரிக்க நானும் சிரிப்பேன். இனி ஆணி கழற்ற அதற்குப் பின்பக்கமும் இல்லை.

ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். வெளியில் விடும் என்று கேட்டீர்கள். வராந்தாவரை கூட்டிப் போனது போதாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உங்களைக் கறையான் தின்னாத இடத்தில் கொண்டுபோய் விட என் கையில் இருக்கிற கொண்டி இது ஒன்றுதான், மாஸ்டர். அதை இழுக்க வேண்டுமானால் நான் உள்ளே இருக்க வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஓம் என்று சொல்லப் போகிறேன். முதல் பக்கத்தில் இந்த முகத்துக்காரன் பெயர் வேலாயுதம் என்று ஒரு வரி போடச் சொல்வேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கட்டும்.

ஒன்றை நீங்கள் கீறவில்லை. நேற்று முழுக்க யன்னலோரம் உட்கார்ந்து எல்லாக் கட்டத்தையும் ஒன்று விடாமல் நினைத்துப் பார்த்தேன். ஆணிமுத்துவை யானை மிதித்திருக்கிறது, கதாநாயகன் மேலே விழுந்திருக்கிறான், அம்பயர் விரலால் குத்தியிருக்கிறார். ஒருவரும் அவனைப் பிடித்துக்கொண்டு நடந்ததில்லை. அன்று வராந்தாவில் நீங்கள் உங்கள் இடது கையை என் தோளில் வைத்து, முழுப் பாரத்தையும் அதில் போட்டு, ஒவ்வொரு அடிக்கும் பெருவிரலால் எலும்பை அழுத்தி அழுத்தி நடந்தீர்கள். கீறுகிற கை. அந்த வயதிலும் இறுக்கமாக இருந்தது. சட்டையைக் கழற்றும்போது இப்போதும் அந்த இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன். செல்விக்கே இதை இப்போதுதான் சொல்கிறேன்.